ஊர் கூடி இழுக்கும் மென்பொருள் தேர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இந்தியப் பெருங்கடலில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரப் பகுதிகளைச் சீரழித்தது. அந்நாட்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் பிழைத்தவர்கள் பள்ளிகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் கூடாரங்களிலும் தஞ்சமடைந்தனர். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், காணாமற்போனவர்களைத் தேடுவோர் யார், எங்கே குடிநீர் இல்லை, எங்கே உடைகள் தேவைக்கு மேல் குவிந்துள்ளன என்னும் வினாக்களுக்கு உடனடியாக விடை தேவைப்பட்டது. தாள்களில் எழுதப்பட்ட பட்டியல்களால் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அவ்வேளையில் இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஒன்றுகூடினர். லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையுடன் சில வாரங்களிலேயே ஒரு மென்பொருளை உருவாக்கினர். அதற்குச் ‘சஹானா’ என்று பெயரிட்டனர். சிங்கள மொழியில் இச்சொல்லுக்கு ‘நிவாரணம்’ என்பது பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, தேவைகளும் உதவிகளும் பற்றிய பதிவேடு ஆகியவை அதில் இடம்பெற்றன.

ஜொகூர் மாநில மக்களுக்கு இத்தகைய தேவை புதியதன்று. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெய்த அடைமழையால் சிகாமட், கோத்தா திங்கி, பத்து பகாட், குளுவாங் முதலிய இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பள்ளிகளும் பொது மண்டபங்களும் துயர் துடைப்பு மையங்களாக மாறின. உறவினர் எந்த மையத்தில் இருக்கிறார் என்று தேடி அலைந்தவர்களுக்குச் சரியான பதிவேட்டின் அருமை நன்கு தெரியும்.

சஹானாவை உருவாக்கியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. அதன் மூல நிரலை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டனர். அதனால், 2005ஆம் ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் யோக்ஜாகார்த்தா நிலநடுக்கத்தின்போதும் 2010ஆம் ஆண்டு ஹைட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூக நலனுக்கான செயல்திட்டம் என்னும் வகையில் 2006ஆம் ஆண்டுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. ஒரு நாட்டின் துயரத்தில் பிறந்த மென்பொருள் பல நாடுகளின் துயர் துடைத்தது. இவ்வாறு பகிரப்படும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் எனப்படுகிறது.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

நிரலாளர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பே மூல நிரல். கடையில் வாங்கும் பலகாரத்தைச் சமையல் குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பலகாரத்தை உண்ணலாம்; ஆனால், அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை முழுமையாக அறிய இயலாது. சமையல் குறிப்பும் உடன் கிடைத்தால் நாமே செய்து பார்க்கலாம், உப்பைக் குறைக்கலாம், புதிய சுவையைச் சேர்க்கலாம், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். திறந்த மூல மென்பொருளில் அந்தச் ‘சமையல் குறிப்பு’ எல்லாருக்கும் கிடைக்கிறது. அதைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் அதன் உரிமம் அனுமதிக்கிறது.

இதன் தொடக்கம் பல பத்தாண்டுகளுக்கு முற்பட்டது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றன. பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ் அலுவலகச் செயலித் தொகுப்பு, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஆகியவையும் திறந்த மூல மென்பொருள்களே. மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. மலேசியர்கள் அனைவரும் அறிந்த கோத்தோங் ரோயோங் பணியும் அத்தகையதே. ஒருவர் புல் வெட்டுவார். ஒருவர் சுவருக்குச் சாயம் பூசுவார். இன்னொருவர் தேநீர் கலப்பார். திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான் வளர்கிறது. ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் பிழையைக் கண்டறிந்து தெரிவிக்கிறார், ஒருவர் பயனர் கையேடு எழுதுகிறார், இன்னொருவர் அதைத் தம் தாய்மொழியில் பெயர்க்கிறார். இவர்கள் அனைவரும் பங்களிப்பாளர்களே.

புதியவர்களின் தயக்கம்

கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழையப் பலர் தயங்குகின்றனர். அதற்குக் காரணங்கள் உண்டு. பெரிய மென்பொருள் ஒன்றில் லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் இருக்கும். எங்கே தொடங்குவது என்று புதியவருக்குத் தெரியாது. உரையாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும். கேள்வி கேட்டால் பிறர் ஏளனம் செய்வார்களோ என்ற அச்சமும் எழும். பழகியவர்களுக்கு எளிதாகத் தோன்றும் சொற்கள் புதியவருக்குப் புதிராக இருக்கும்.

இத்தடைகளைக் களைவதற்காகவே வழிகாட்டித் திட்டங்கள் தோன்றின. இத்திட்டங்களில் அனுபவமிக்க நிரலாளர் ஒருவர் புதியவர் ஒருவருக்குச் சில மாதங்கள் வழிகாட்டுவார். புதியவர் உண்மையான மென்பொருள் ஒன்றில் உண்மையான வேலையைச் செய்வார். பல திட்டங்கள் அதற்கு ஊக்கத்தொகையும் வழங்குகின்றன. பகுதிநேர வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையில் உள்ள மாணவருக்கு இத்தொகை பேருதவியாகும்.

அறியப்பட வேண்டிய திட்டங்கள்

இத்தகைய திட்டங்களில் பெயர்பெற்றது ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’. கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. நீண்ட விடுமுறையில் மாணவர்கள் தாங்கள் கற்றதை மறந்துவிடாமல் நிரலாக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. முதல் ஆண்டில் 8,700க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஏறக்குறைய 400 மாணவர்களே தேர்வு பெற்றனர். அன்றுமுதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 20,000க்கும் அதிகமானோர் இத்திட்டத்தின் வழி பயிற்சி பெற்றுள்ளனர். தொடக்கத்தில் மாணவர்களுக்கு மட்டுமே உரிய இத்திட்டம் 2022ஆம் ஆண்டிலிருந்து மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. விண்ணப்பிப்போர் 18 வயதை எட்டியிருக்க வேண்டும்.

இத்திட்டத்தில் கூகுள் நிறுவனம் நேரடியாக வேலை கொடுப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். திறந்த மூல அமைப்புகள் முதலில் தங்களைப் பதிவு செய்துகொள்ளும். தேர்வு பெற்ற அமைப்புகளின் பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரி இறுதியில் வெளியாகும். விண்ணப்பிப்போர் தமக்குப் பிடித்த அமைப்பைத் தேர்ந்தெடுத்து அதற்குத் திட்ட முன்மொழிவு எழுதுவர். ஒருவர் ஓராண்டில் மூன்று முன்மொழிவுகள் வரை அனுப்பலாம். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தந்த அமைப்பின் வழிகாட்டிகளே முடிவு செய்வர்.

அடுத்துக் குறிப்பிடத்தக்கது ‘அவுட்ரீச்சி’ திட்டம். 2010ஆம் ஆண்டில் குனோம் அமைப்பு பெண்களுக்காகத் தொடங்கிய திட்டமே பின்னர் விரிவடைந்து இப்பெயரைப் பெற்றது. தொழில்நுட்பத் துறையில் போதிய இடம் பெறாதவர்களுக்கும் பாகுபாட்டை எதிர்கொள்பவர்களுக்கும் இது வாய்ப்பளிக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இப்பயிற்சி மூன்று மாதங்கள் நீடிக்கும். தேர்வு பெற்றவருக்கு 7,000 அமெரிக்க டாலர் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. இத்திட்டத்தில் நிரலாக்கம் மட்டுமன்றி ஆவணமாக்கம், வடிவமைப்பு போன்ற பணிகளும் இடம்பெறுவதுண்டு. விண்ணப்பிக்கும் வயது இதிலும் 18தான்.

பள்ளி மாணவர்களுக்கென்றே 2010ஆம் ஆண்டுமுதல் 2019ஆம் ஆண்டுவரை ‘கூகுள் கோட்-இன்’ என்னும் போட்டி நடைபெற்றது. 13 வயது முதல் 17 வயது வரையிலானோர் அதில் பங்கேற்றனர். சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய சிறு பணிகளை அவர்கள் செய்தனர். சஹானா அமைப்பு அப்போட்டியிலும் கூகுளின் கோடைக்காலத் திட்டத்திலும் இடம்பெற்றுப் புதியவர்களுக்கு வழிகாட்டியது. அப்போட்டி இப்போது இல்லை. எனினும், சிறு பணிகளில் தொடங்கலாம் என்று அது காட்டிய வழி இன்றும் பொருந்தும்.

மொரட்டுவை காட்டிய வழி

இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் உலகத் தரப்பட்டியல்களில் முன்னணியில் நிற்கும் செல்வந்தப் பல்கலைக்கழகம் அன்று. ஆனால், கூகுள் கோடைத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அதுவே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களையும் அது முந்தியது.

இவ்வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையின் மென்பொருள் துறையினர் பலர் அப்போதே திறந்த மூலப் பணிகளில் ஈடுபட்டிருந்தனர். லங்கா மென்பொருள் அறக்கட்டளையை நிறுவிய சஞ்சீவ வீரவரண போன்றோர் அப்பண்பாட்டை வளர்த்தனர். திட்டத்தில் பங்கேற்றுத் திரும்பிய மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்கு வழிகாட்டினர். நன்றாக எழுதப்பட்ட முன்மொழிவு எப்படி இருக்கும், வழிகாட்டியிடம் எவ்வாறு கேள்வி கேட்பது என்பவற்றை அடுத்த அணி முந்தைய அணியிடமிருந்தே கற்றுக்கொண்டது. ஒருவர் ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளாமல் அடுத்தவருக்காகப் பிடித்துக்கொண்டால் பலர் ஏற முடியும் என்பதற்கு மொரட்டுவை சான்றாகும்.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஜொகூர் மாநிலத்துக்கும் இது நல்லதொரு பாடம். விலையுயர்ந்த கருவிகளைவிட ஒருவருக்கொருவர் கற்பிக்கும் பழக்கமே இங்குப் பெரிய முதலீடு. பள்ளியின் கணினிக் கழகத்திலும் இப்பழக்கத்தைத் தொடங்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன்

விண்ணப்பம் என்றவுடன் படிவத்தை நிரப்புவதே நினைவுக்கு வரும். திறந்த மூல உலகில் படிவம் கடைசிப் படியாகும். அதற்கு முன்பே பல படிகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது. புகழ்பெற்ற பெயர் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, தாம் உண்மையில் பயன்படுத்தும் மென்பொருளையோ தமக்குத் தெரிந்த சிக்கலைத் தீர்க்கும் மென்பொருளையோ தேர்ந்தெடுப்பது நன்று. எந்த நிரல்மொழியில் அது எழுதப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அந்த மென்பொருளைத் தம் கணினியில் நிறுவி இயக்கிப் பார்ப்பது. பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டி ஏடு பெரும்பாலான திட்டங்களில் இருக்கும். அதை முழுமையாகப் படிக்க வேண்டும். அதில் ஏதேனும் ஒரு படி தெளிவாக இல்லையென்றால், அதைத் திருத்திக் கொடுப்பதே ஒருவருடைய முதல் பங்களிப்பாக அமையலாம்.

மூன்றாவது, சிறிய பிழை ஒன்றைச் சரிசெய்வது. பல திட்டங்கள் புதியவர்களுக்கு ஏற்ற எளிய பணிகளைத் தனியே அடையாளமிட்டு வைத்திருக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்தம் செய்து அனுப்பினால், அனுபவமுள்ளவர்கள் அதை மறுஆய்வு செய்வர். “இந்த வரியை மாற்றுக”, “இதற்குச் சோதனை எழுதுக” என்று கருத்துரைப்பர். முதல் முயற்சியிலேயே திருத்தம் ஏற்கப்படுவது அரிது. கட்டுரைப் பயிற்சியில் ஆசிரியர் இடும் சிவப்பு மைக் குறிப்புகளைப் போன்றதே மறுஆய்வு. அது எழுதியவரைக் குறைகூறுவதற்கன்று, எழுத்தைச் செம்மையாக்குவதற்கே.

நான்காவது, கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வது. “இது வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ இயலாது. எந்த இயங்குதளம், எந்தக் கட்டளை, என்ன பிழைச் செய்தி வந்தது, அதுவரை எவற்றை முயன்று பார்த்தோம் என்று எழுதினால் விடை விரைவில் கிடைக்கும். வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் உதவுகின்றனர். தனி அஞ்சலில் கேட்பதைவிடப் பொது உரையாடல் குழுவில் கேட்பதே சிறப்பு. அப்போது வேறொருவரும் விடையளிக்கலாம். பின்னர் வருவோருக்கும் அவ்விடை பயன்படும்.

நேர வேறுபாட்டையும் கருத்திற்கொள்ள வேண்டும். கோடைக்காலத்தில் பெர்லின் நகரில் மாலை 3 மணி என்றால் ஜொகூர் பாருவில் இரவு 9 மணி. காலையில் கேட்ட கேள்விக்கு இரவில் விடை வந்தால், வழிகாட்டி அலட்சியம் செய்கிறார் என்று எண்ணக் கூடாது.

தமிழ் அறிந்தவரின் சிறப்பு

தமிழ் படிக்கும் மாணவர்கள் கணினித் துறையில் தங்கள் மொழியறிவு பயன்படாது என்று நினைக்கலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. ‘அம்மா’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? அ, ம், மா என மூன்று எழுத்துகள் என்று தொடக்கப்பள்ளி மாணவரும் சொல்வார். ஆனால், யூனிகோடு முறையில் கணினி அச்சொல்லை அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது. தமிழ் அறியாத நிரலாளர் எழுதிய சொல் விளையாட்டில் ‘அம்மா’ ஐந்தெழுத்துச் சொல்லாகிவிடும்.

இன்னோர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘கொய்யா’ என்னும் சொல்லின் முதல் எழுத்தைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகச் சேமிப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இவ்விரண்டையும் சமமாகக் கருதும்படி நிரல் எழுதப்படாவிட்டால், நூலகத்தின் தேடுபொறியில் ‘கொய்யா’ என்று தட்டச்சு செய்தும் அந்நூல் அலமாரியில் இருந்தும் ‘இல்லை’ என்ற விடை வரக்கூடும்.

இத்தகைய குறைகளைத் தமிழ் அறிந்தவரே எளிதில் கண்டுபிடிப்பார். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கையாள்வதற்கென்றே ‘ஓப்பன் தமிழ்’ என்னும் திறந்த மூல நிரல் தொகுப்பு உருவாக்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ என்னும் நிரல்மொழியும் உண்டு. லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ், மீடியாவிக்கி ஆகியவற்றின் இடைமுகங்களைத் தன்னார்வலர்கள் தமிழில் பெயர்த்துள்ளனர்.

நல்ல முன்மொழிவு எப்படி அமையும்?

திட்ட முன்மொழிவே விண்ணப்பத்தின் உயிர்நாடி. ‘நான் கடின உழைப்பாளி. சிறுவயது முதல் கணினியில் ஆர்வம் உடையவன். எனக்கு வாய்ப்பளித்தால் தமிழ்த் தேடலை மேம்படுத்துவேன்’ என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். இதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும், வழிகாட்டிக்கு இதனால் பயனும் இல்லை. இதே வரிகளை நூறு பேர் எழுதியிருப்பர்.

இன்னொருவர் மேற்கூறிய ‘கொய்யா’ சிக்கலை எடுத்துக்கொள்கிறார். எந்தத் திரையில் பிழை தோன்றுகிறது என்பதைப் படத்துடன் காட்டுகிறார். அதற்குக் காரணமான நிரல் பகுதியைச் சுட்டுகிறார். சேமிப்பதற்கு முன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றுவதே தீர்வு என்று விளக்குகிறார். ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பழைய பதிவுகளை என்ன செய்வது என்பதையும் சிந்திக்கிறார். அதே மென்பொருளில் தாம் முன்பு செய்த இரண்டு சிறு திருத்தங்களையும் குறிப்பிடுகிறார். இவரைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதலாமவர் தம்மைப் பற்றி எழுதினார். இரண்டாமவர் சிக்கலைப் பற்றி எழுதினார்.

முன்மொழிவில் கால அட்டவணையும் இடம்பெற வேண்டும். கூகுள் கோடைத் திட்டத்தின் நடுத்தரப் பணி ஒன்றுக்கு ஏறத்தாழ 175 மணி நேரம் தேவைப்படும். அதைப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். 350 மணி நேரப் பெரிய பணிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் வேண்டும். ஆகவே, முதல் இரு வாரங்களில் எடுத்துக்காட்டுகளைத் திரட்டிச் சோதனைகளை எழுதுவது, அடுத்த நான்கு வாரங்களில் நிரல் எழுதுவது, அதன்பின் மறுஆய்வுக்கேற்பத் திருத்துவது, இறுதியில் ஆவணம் எழுதுவது எனப் பிரித்துக் காட்டலாம். ஒரு வாரத்தை எதிர்பாராத தடைகளுக்கென ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

மலேசிய மாணவர் ஒருவர் இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்திட்டத்தின் பெயரில் உள்ள கோடை வடநாடுகளின் கோடையாகும். பணிகள் வழக்கமாக மே மாத இறுதியிலோ ஜூன் மாதத் தொடக்கத்திலோ தொடங்குகின்றன. நம் கல்விக்கூடங்களில் அப்போது வகுப்போ தேர்வோ நடைபெறக்கூடும். தேர்வு வாரத்தை மறைக்காமல் அட்டவணையில் குறிப்பிட்டு, அவ்வேலையை எப்போது ஈடுசெய்வோம் என்று எழுதினால் வழிகாட்டியின் நம்பிக்கை கூடும்.

முன்மொழிவின் வரைவைக் கடைசி நாளுக்கு முன்பே வழிகாட்டிகளிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் இன்றியமையாதது. இறுதி மணியில் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். காலம் கடந்து வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை.

நேர்மையும் விழிப்பும்

பிறருடைய முன்மொழிவை நகலெடுப்பது திருட்டாகும். கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது குறித்து ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனி விதிமுறைகள் இருக்கலாம். அவற்றை முதலில் படித்தறிய வேண்டும். தமக்கே புரியாத நிரலைக் கருவியிடமிருந்து பெற்று அனுப்பியவர், “இந்த வரி எதற்காக?” என்று வழிகாட்டி கேட்கும்போது விடையின்றி நிற்க நேரிடும்.

ஏமாற்றுக்காரர்களிடமும் விழிப்பாக இருக்க வேண்டும். கூகுள் கோடைத் திட்டத்துக்கோ அவுட்ரீச்சிக்கோ விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. “இடம் வாங்கித் தருகிறோம்” என்று பணம் கேட்பவரை நம்பக் கூடாது. அடையாள அட்டை எண், வங்கி விவரம் ஆகியவற்றை உரையாடல் குழுக்களில் வெளியிடக் கூடாது. 18 வயது நிரம்பாத மாணவர்கள் இணையக் குழுக்களில் சேர்வதற்கு முன் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவிப்பது நலம்.

தேர்வுக்குப் பின்

தேர்வு பெற்றவர் முதலில் தம் அமைப்பின் நடைமுறைகளையும் உறுப்பினர்களையும் அறிந்துகொள்வார். அதன்பின் பணி தொடங்கும். இடையில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் வழிகாட்டி மதிப்பீடு செய்வார். கூகுள் திட்டத்தில் அம்மதிப்பீடுகளில் தேர்ச்சி பெற்ற பின்னரே ஊக்கத்தொகை கிடைக்கும். பணியில் சிக்கல் ஏற்பட்டால் அதை மறைத்துத் தனியே போராடுவது நல்லதன்று. சிக்கலை உடனே தெரிவித்துத் திட்டத்தைச் சற்று மாற்றியமைப்பதே முறை. வழிகாட்டி என்பவர் அதற்காகவே இருக்கிறார்.

தேர்வு பெறாதவர்களே எண்ணிக்கையில் அதிகம். ஓர் அமைப்புக்கு ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சில. நல்ல முன்மொழிவுகளும் இடமின்மையால் விடுபட்டுப் போகும். ஆனால், விண்ணப்பத்துக்காக ஒருவர் செய்த திருத்தங்கள் மென்பொருளில் நிலைத்திருக்கும். அவருடைய பெயர் அம்மாற்றத்துடன் பதிவாகியிருக்கும். எதிர்காலத்தில் உபகாரச் சம்பளத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதைச் சான்றாகக் காட்டலாம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். முதல் ஆண்டு இடம் கிடைக்காமல், அதே அமைப்பில் தொடர்ந்து பங்களித்து, அடுத்த ஆண்டு தேர்வு பெற்றவர்களும் உண்டு.

இன்றே தொடங்கக்கூடியவை

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இத்திட்டங்களில் சேர இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அந்த ஆண்டுகளைப் பயனுள்ளதாக்கலாம். பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்றைக் கற்கலாம். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியைப் பழகலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தலாம். தம் ஊரைப் பற்றிய கட்டுரைக்கு நம்பகமான தகவலைச் சேர்க்கலாம். மென்பொருளில் காணும் பிழையைத் தெளிவாக எழுதித் தெரிவிக்கலாம். இடைமுகச் சொற்களைத் தமிழில் பெயர்க்க உதவலாம். இவற்றுள் சிலவற்றுக்கு நிரலாக்கமே தேவையில்லை. செம்மையான தமிழும் பொறுமையும் போதும். மூன்று நான்கு மாணவர்கள் பள்ளியின் கணினிக் கழகத்தில் சேர்ந்து செய்தால் தயக்கமும் குறையும்.

வெள்ளமும் நிலநடுக்கமும் மொழி பார்த்தோ நாடு பார்த்தோ வருவதில்லை. அவ்வேளையில் மக்களைக் காக்கும் மென்பொருள்கள் முன்கூட்டியே உருவாக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மக்கள் பேசும் மொழியில் ஆயத்தமாக இருக்க வேண்டும். துயர் துடைப்பு மையத்தில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் பெயரைத் தமிழில் பிழையின்றிப் பதிவு செய்து தேடித் தரும் நிரலை யாரேனும் ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குத் தேவையான மொழியறிவு தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் இருக்கிறது. நிரலாக்க அறிவைக் கற்றுத்தர வழிகாட்டிகள் காத்திருக்கின்றனர். தேர் வடத்தில் இன்னும் பல கைகளுக்கு இடமுண்டு.